பானைக்கு வைத்த பொட்டு

மார்கழி பிறந்துவிட்டால் மண்ணாங்கட்டிக்கு உட்கார நேரம் இருக்காது. வல்லம் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கு எந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றாலும் முதலில் ஈச்சந்தாங்கலுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று என்னென்னவோ வந்துவிட்டது. ஆனாலும் சுண்ணாம்பு அடித்த சுவருக்குள் படுத்தால் வரும் தூக்கமே வேறு என்று சொல்கிறவர்கள் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரை மண்ணாங்கட்டியின் பிழைப்புக்கும் குறைவில்லை.

அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நான்காவதுக்கு நல்ல பெயராக வைத்தால் எமன் கண்ணில் படும் என்று பயந்து, மண்ணாங்கட்டி என்று வைத்துவிட்டார்கள். எமனுக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை போலும், அறுபதை நெருங்கியும் ஆள் திடமாகத்தான் இருக்கிறார். சுண்ணாம்பு தெறித்து இடது கண் மட்டும் கொஞ்சம் மங்கல். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, எத்தனை தேங்காயெண்ணெய் தடவினாலும் ஆறாத வெடிப்பு.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மரக்காணத்திலிருந்து வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பீப்பாயில் போட்டு, கொதித்து அடங்கவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, நீலமும் உப்பும் பசையும் கலந்து வைப்பார். ஆனால் வெள்ளையடிக்கும் மட்டையை நனைப்பதற்கு முன்னால் சுவரைச் சுரண்டிவிடுவார். எண்ணெய்ப் பிசுக்கு, பிள்ளைகள் கிறுக்கிய அ, ஆ, போன தேர்தலின் சின்னம் எதையும் விடமாட்டார். “அடியில அழுக்க வச்சிக்கினு மேல அடிச்சா அது வெள்ளையில்ல, போர்வை” என்பார். சொந்த ஊர் குயிலாப்பாளையம். தம்பி இன்னமும் அங்கே ஆரோவில்லில்தான் வேலை செய்கிறார். அங்கே மண்கல் வைத்துக் கட்டிய வீடுகளைப் பூசாமல் அப்படியே விட்டுவைத்திருப்பதைப் பார்த்தால் மண்ணாங்கட்டிக்குக் கை அரிக்கும். இவ்வளவு படித்தவர்களுக்கு ஒரு வாளி சுண்ணாம்பு கரைக்கத் தெரியவில்லையே என்று மனதார வருத்தப்படுவார்.

அந்த ஊரை விட்டு ஈச்சந்தாங்கலுக்கு அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்ததற்குக் காரணம் ஒரு சுவர். பெண் பார்க்கப் போனபோது, “நான் சுவத்த வுட்டுட்டு வர மாட்டேன்” என்று பொன்னி சொன்னாள். ஏதோ வெட்கத்தில் உளறுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அவளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொன்னியின் வீடு இருக்கும் காலனிக்கும் அதை ஒட்டியிருக்கும் நிலக்காரர் குமரேசனின் நிலத்துக்கும் நடுவே அறுபதடி நீளத்துக்கு ஒரு மண்சுவர், ஆள் உயரம், இரண்டடிக் கனம். அதற்குள் இருபத்தேழு பானைகளைப் படுக்கவைத்துப் பதித்திருக்கிறார்கள். பானையின் வாய் காலனிப் பக்கம், அதற்கு ஒரு மண்மூடி, மூடியைச் சுற்றிச் சாணிப் பூச்சு. பானையின் அடிப்பகுதி நிலத்துப் பக்கம், அதில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. தேனீ நிலத்துப் பக்கம் நுழையும், தேனைக் காலனிப் பக்கம் எடுப்பார்கள். குமரேசனின் முப்பாட்டனும் அவரிடம் வேலை செய்தவர்களும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது என்பார்கள். எள்ளும் பூசணியும் நன்றாகக் காய்த்தால் நிலத்துக்காரனுக்கு லாபம், தேன் கூலிக்காரனுக்கு. வீட்டுக்கு ஒரு பானை. ஒருவர் பானையை இன்னொருவர் திறப்பதில்லை.

கல்யாணமான புதிதில் மண்ணாங்கட்டி மனைவியோடு நிலத்துப் பக்கம் ஒரே ஒரு தடவை போனார். ஏழு ஈ கொட்டியது. மாப்பிள்ளை முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அன்றோடு சரி. காலனிப் பக்கமிருந்து வரும் தேனை மட்டும் கேப்பை அடைக்குத் தொட்டுக்கொண்டு, சுவரின் மறுபக்கத்தை மறந்தே போனார்.

வருஷத்தில் ஒரு நாள், காணும் பொங்கலன்று காலையில், பெண்கள் மட்டும் அந்தப் பக்கம் போவார்கள். கொட்டாங்குச்சியில் செம்மண், மஞ்சள், கரி, நீலம் என்று அவரவர் வீட்டுக்கு உரியதைக் கரைத்து எடுத்துப்போய், பானை ஓட்டையைச் சுற்றிப் பொட்டு வைப்பார்கள். பொட்டு என்று பெயரே தவிர, ஒரு வீட்டுக்குப் பிறை, ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, அந்தோணிசாமி வீட்டுக்குச் சிலுவை, பொன்னி வீட்டுக்குச் செம்மண்ணில் ஏணி. பழையதன் மேலேயே புதியதை வைப்பார்கள், கழுவ மாட்டார்கள். ஈ இல்லாத பானைக்குப் பொட்டு கிடையாது. மண்ணாங்கட்டிக்கு இதெல்லாம் தெரியாது. ஆயுத பூஜைக்கு மண்வெட்டிக்குச் சந்தனம் வைப்பதுபோல இதுவும் ஏதோ சாமி காரியம் என்று நினைத்திருந்தார்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் அந்தச் சுவருக்கு ஆபத்து வந்தது. குமரேசனின் நிலத்துக்குள் அறுப்பு மெஷின் போக வழியில்லை. வேறு எந்தப் பக்கம் போனாலும் ஓடை குறுக்கே நிற்கிறது. சுவரை இடித்தால் நேராக ரோடு. கெட்ட மனுஷன் இல்லை குமரேசன். காலனிக்கு வந்து பொன்னியிடமே சொன்னார்.

“பொங்கலு முடியட்டும்மா. அதுக்கப்புறம் ஜேசிபி வருது. ஒங்க பானைங்கள நீங்க எடுத்துக்குங்க.”

பானையைத் தனியாக எடுத்தால் அது வெறும் பானை. அது பொன்னிக்குத் தெரியும். அவள் நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் யாரிடமோ புலம்பி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, கடைசியில் திண்டிவனத்திலிருந்து ஜெசிந்தா என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கட்டடக் கலை படித்தவள். பழைய கட்டுமானங்களைக் காப்பாற்றும் ஓர் அறக்கட்டளையில் வேலை. சுவரை அளந்து, படம் வரைந்து, இரண்டு நாள் பொன்னியோடு நிலத்துப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். இந்த மாதிரிச் சுவரைத் தான் வேறெங்கும் பார்த்ததில்லை என்றாள். அறக்கட்டளையின் கமிட்டி நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் சுவரைப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்வார்கள். குமரேசனுக்கு ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம் கட்டி வேறு வழி ஏற்படுத்திக் கொடுப்பார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஜேசிபிதான். குமரேசனும் அதற்குச் சம்மதித்தார். மார்கழி இருபதாம் தேதி கமிட்டி வருவதாக முடிவானது.

அந்த நேரம் பார்த்து விழுப்புரத்தில் மகள் கலையரசிக்குத் தேதிக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. பொன்னி துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஏறும்போது சொன்னதெல்லாம் இவ்வளவுதான்.

“ஆடு மாடு அந்தாண்ட போவாம பாத்துக்கோ. வர்றவங்களுக்கு டீத்தண்ணி குடு. நான் நாப்பது நாளு கழிச்சித்தான் வருவேன்.”

மண்ணாங்கட்டிக்கு மனசு நிலைகொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் பொன்னி அவரிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. அந்தச் சுவர் ஒன்றுதான் அவளுடைய ஆசை. அதைக் காப்பாற்ற பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள். பதினெட்டாம் தேதி மதியம் துண்டால் தலையை மூடிக்கொண்டு, வரப்பில் தூரமாக நின்று சுவரின் நிலத்துப் பக்கத்தைப் பார்த்தார். மழையில் வழிந்த செம்மண், ஒழுகிய கரி, நீலக் கறை, பச்சைப் பாசி. கல்யாண வீட்டுக்கு அழுக்கு வேட்டியோடு போய் நிற்பது போல அவருக்கு வெட்கமாகிவிட்டது. பொட்டுதான் இன்னும் இரண்டு வாரத்தில் புதிதாக வைக்கப்போகிறார்களே, எந்த வீடானாலும் வெள்ளையடித்த பிறகுதானே கோலம் என்று நினைத்தார். அவர் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை, அது வீடாக இருந்திருந்தால்.

பனியில் ஈ வெளியே வராது என்பதைக் கேள்விப்பட்டிருந்தார். பத்தொன்பதாம் தேதி விடியற்காலை நாலு மணிக்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கண் மட்டும் தெரிய முகத்தைக் கட்டிக்கொண்டு, நிலத்துப் பக்கம் போனார். உள்ளே பதினோரு பானைகளில் ஈ இருந்தது. ஆனாலும் முழுச் சுவரையும் சத்தமில்லாமல் சுரண்டினார். ஓட்டைகளுக்குள் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு போகாமல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு அடித்தார். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எந்தச் சுவருக்கும் அடித்ததில்லை.

நடவுக்குப் போய்க்கொண்டிருந்த முனியம்மாள் வரப்பில் நின்றாள். அவளுக்கும் அந்தச் சுவரில் ஒரு பானை உண்டு.

“இன்னா மாமா, பொட்டையெல்லாம் அழிக்கிற?”

“கெலீஜா இருக்குதும்மே. வர்றவங்க பாத்தா நம்ம மானம் போயிடும். பொங்கலுக்குப் புதுசா வச்சிக்குங்க.”

“அந்த மேடம் சொல்லிச்சா?”

“எல்லாம் சொல்லித்தான் அடிக்கிறேன், நீ போ.”

யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு பொய்யை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மேடமே சொல்லிவிட்டாள் என்றால் சரி என்று முனியம்மாள் நடவுக்குப் போய்விட்டாள். ஏழு மணிக்குள் வேலை முடிந்து, அடியில் ஒரு காவிப் பட்டையும் இழுத்துவிட்டு, வெயில் வருவதற்குள் ஓடிவந்துவிட்டார். காலனியிலிருந்து பார்த்தால் மறுபக்கம் தெரியாது. ஆனாலும் அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் விருத்தாசலம் என்கிற பெரியவர், நல்ல மனிதர், எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசினார். மண்ணாங்கட்டி அன்றைக்குப் பயத்தை விழுங்கிக்கொண்டு அவர்களோடு வரப்பு வரை போனார். வெயிலில் சுவர் பளிச்சென்று நின்றது. அதற்கு முன்னால் ஈக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று ஓர் ஓட்டையில் இறங்கி, பின்வாங்கி, அடுத்த ஓட்டைக்குப் போய், அங்கிருந்தும் விரட்டப்பட்டு மேலே எழும்பியது. அப்படியே நூற்றுக்கணக்கில். காவிப் பட்டைக்குக் கீழே சில ஈக்கள் ஒன்றையொன்று கட்டிப் புரண்டுகொண்டிருந்தன.

“எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க,” என்றார் விருத்தாசலம். மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். கொட்டிவிடுமோ என்ற பயத்தில் யாரும் கிட்டே போகவில்லை. இவ்வளவு பழைய சுவரை ஊர்க்காரர்கள் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று வியந்து, நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்து, டீ குடித்து, அங்கேயே ஒப்புதல் காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் கையெழுத்து நின்றுவிடும் என்று ஜெசிந்தா மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கார் போன பிறகு மண்ணாங்கட்டியிடம் வந்தாள்.

“அண்ணா, பொட்டு எங்கே?”

“சுரண்டிட்டு அடிச்சேன் மேடம். நல்லா இருக்குதுங்களா?”

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தார், திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“அது மனுஷங்களுக்கு வச்ச அடையாளம் மட்டும் இல்லண்ணா. ஈக்கு வச்சது. பக்கத்துப் பக்கத்துல இவ்வளோ வாசல் இருந்தா அதுக்குத் தன் வாசல் எதுன்னு தெரியாது. பொட்டப் பாத்துத்தான் வீட்டுக்கு வரும். இப்ப எல்லா வாசலும் ஒண்ணாயிடுச்சு. ஒரு வீட்டு ஈ இன்னொரு வீட்டுக்குள்ள போனா உள்ள இருக்கிறது சும்மா வுடாது.”

மண்ணாங்கட்டி சுவரைப் பார்த்தார். தன் கையால் அடித்த எந்தச் சுவரையும் அவர் அப்படி வெறுத்துப் பார்த்ததில்லை. உடனே திரும்பவும் பொட்டை வைத்துவிடலாமா என்று கேட்டார். கமிட்டி எடுத்த போட்டோவோடு ஒப்பந்தம் போய்விட்டது, பாலம் வேலை தொடங்கும்வரை எதையும் தொடாதீர்கள், இல்லாவிட்டால் உள்ளதும் போய்விடும் என்று ஜெசிந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த நாட்களில் காலனிப் பக்கம் உட்கார்ந்து மூடிகளில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே உலை கொதிப்பது போன்ற சத்தம். தினம் காலையில் முறத்தில் செத்த ஈக்களை வாரினார். பச்சைச் சுண்ணாம்பு வாடையும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, நாலாம் நாள் ஒரு பானை ஈ கூட்டமாகக் கிளம்பிப் போனது. பிறகு இரண்டு. பன்னிரண்டாம் நாள் பதினொன்றும் காலி. விழுப்புரத்திலிருந்து பொன்னி போன் செய்வாள்.

“பேத்தி தலையெல்லாம் முடி. ஒன்ன மாதிரியே மூக்கு. ஈ எப்பிடி இருக்குது?”

“இருக்குது.”

இதே பதிலைத் தினமும் சொன்னார். சொல்லிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். அந்தப் பொங்கலுக்கு எந்தப் பானைக்கும் பொட்டு இல்லை, ஈ இல்லாத பானைக்கு யார் வைப்பார்கள்.

தைக் கடைசியில் பொன்னி வந்தாள். பையை வாசலில் வைத்துவிட்டு நேராகச் சுவருக்குத்தான் போனாள். முதன்முறையாக அவள் கூப்பிடாமலே அவரும் பின்னால் போனார். கொட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவள் வெள்ளைச் சுவரின் ஒரு கோடியில் தொடங்கி, ஒவ்வோர் ஓட்டையாக விரலை வைத்துக்கொண்டே நடந்தாள்.

“இது முனியம்மா வூடு, பிறை. இது பெங்களூருக்குப் போய்ட்ட அந்தோணிசாமி வூடு, சிலுவ. அவங்க போனாலும் ஈ போவல, நான்தான் வச்சிக்கினு இருந்தேன். இது எங்கம்மா வச்ச ஏணி.”

கடைசிவரை போய்த் திரும்பிவந்து அவரைப் பார்த்தாள்.

“நல்லா அடிச்சிருக்கய்யா,” என்றாள்.

கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு சோறு போடுகிறேன், கதவைச் சாத்து, மாத்திரை போட்டியா என்பதைத் தவிர மூன்று மாதம் அவள் அவரோடு வேறு பேச்சே பேசவில்லை.

பங்குனியில் ஓடையின் மேல் பாலம் வந்தது. சுவருக்கு முன்னால் பலகையும் வந்தது. சுவரில் எழுதுவதோ வரைவதோ வண்ணம் பூசுவதோ கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் மண்ணாங்கட்டியின் பெயர். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தவரையே போடுங்கள் என்று விருத்தாசலம் சொல்லிவிட்டாராம். வருஷத்துக்கு ஒரு முறை ஆள் வந்து அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்து, பழைய போட்டோவோடு ஒத்துப் பார்ப்பார்கள். கமிட்டி பார்வையிட்ட நாளில் இருந்தபடியே சுவர் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஒப்பந்தம் ரத்து. பிறகு நிலத்துக்காரர் தன் இஷ்டப்படி செய்துகொள்ளலாம்.

ஜெசிந்தா படித்துக்காட்டியதைக் கேட்டுவிட்டு மண்ணாங்கட்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

“மேடம், அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி எப்பிடி இருந்துச்சோ அப்பிடின்னு போட முடியாதுங்களா?”

“எங்கிட்ட எல்லாப் பொட்டுக்கும் போட்டோ இருக்கு. எழுதிக் குடுத்திருக்கேன் அண்ணா. கமிட்டி மறுபடியும் ஒக்காந்து பேசணும்.”

கமிட்டி உட்காரவில்லை. திண்டிவனம், விழுப்புரம் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வேனில் வந்தார்கள். எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். ஈ எங்கே என்று கேட்டால், காலையில் மேயப் போயிருக்கிறது என்று மண்ணாங்கட்டி சொல்லிவைப்பார். பாராட்டியவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் அவருக்கு எவ்வளவு கனத்தது என்பது வந்தவர்களுக்குத் தெரியாது.

அடுத்த காணும் பொங்கலன்று பொன்னி வழக்கத்தை மீறினாள். ஈ இல்லாத தன் பானைக்குச் செம்மண்ணில் ஏணி போட்டாள், ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு. பராமரிப்பாளர் பலகையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் கொட்டாங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாசியில் மா பூத்தபோது நாலைந்து ஈ வந்து ஓட்டையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. அன்று பொன்னி கேப்பைக் களி கிண்டி, அவர் தட்டில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே, “வந்துடுச்சிய்யா” என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். தினமும் வேலைக்குப் போகுமுன் வரப்பில் உட்கார்ந்து, ஈ ஏணியைக் கண்டுபிடித்து இறங்குவதைப் பார்க்க ஆரம்பித்தார். மகரந்தத்தைக் காலில் கட்டிக்கொண்டு வருவதுகூட மங்கல் கண்ணுக்குத் தெரிந்தது.

பங்குனிக் கடைசியில் ஜெசிந்தா போன் செய்தாள். அடுத்த வாரம் ஏதாவதொரு நாள் போட்டோ எடுக்க வருகிறார்கள். அவள் அறக்கட்டளையில் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டாள். ஏணியைக் காகிதம் ஒட்டி மறைக்கலாமா என்றுகூட மண்ணாங்கட்டி கேட்டார். வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள் என்றாள். அவர் குமரேசன் வீட்டுக்கு நடந்தார்.

“ஒப்பந்தம் போனாலும் சுவத்த வுட்டுடுவீங்களாங்க?”

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

“எனக்கு இன்னா மண்ணாங்கட்டி, பாலம் வந்துடுச்சி. எம்புள்ளதான் அந்த எடத்த மனை போடணும்னு நிக்கிறான். அந்தப் பேப்பரு இருக்கறதாலதான் அவன் வாயத் தொறக்கல. பேப்பரு போச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

வீட்டுக்கு வந்து பொன்னியிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“ஈ போனா வேற ஈ வரும். சுவரு போனா எங்க வந்து இறங்கும். அடிச்சிடு,” என்றாள்.

“என்னால முடியாது.”

“வேற எவனோ வந்து ஓட்டைய அடைச்சிட்டுப் போவான். நீயே அடி. ஒன் அளவுக்கு யாருக்கும் கை வராது.”

இந்தத் தடவை கம்பளி போர்த்தவில்லை, முகம் கட்டவில்லை. பச்சைச் சுண்ணாம்பு வாடை அடிக்காமலிருக்க, ஒரு மாதமாக ஊறிய பழைய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துக்கொண்டார். ஏணியைச் சுரண்டவில்லை, சுரண்டினால் அதிரும். துணியை விரலில் சுற்றி, மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொன்று என்று ஐந்து பூச்சு. வாழ்நாளில் முதன்முறையாக அடியில் இருப்பதை வைத்துக்கொண்டு மேலே அடித்தார். கையிலும் கழுத்திலும் ஒன்பது இடத்தில் கொட்டியது. கையை உதறவில்லை. செம்மண் முழுவதும் மறைந்தபோது வெளியே போயிருந்த ஈக்கள் திரும்பி வந்து, சுவருக்கு முன்னால் வெறுமனே மிதந்துகொண்டிருந்தன. அவர் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மூன்றாம் நாள் பானை காலியாகிவிட்டது. ஐந்தாம் நாள் போட்டோக்காரர்கள் வந்தார்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் டேப்லெட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்து, ஒரு வித்தியாசமும் இல்லை என்று டிக் போட்டுவிட்டுப் போனார்கள். சுவர் இன்னும் ஒரு வருஷத்துக்குப் பிழைத்தது.

அவர்கள் போன பிறகு பொன்னி காலனிப் பக்கம் மூடியைத் திறந்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு நாலு தேனடை, புது மெழுகு, ஓரத்தில் கொஞ்சம் தேன். விட்டுவிட்டுப் போயிருந்தன. அவள் ஓர் அடையைக் கிள்ளி எடுத்து, வீங்கியிருந்த அவர் கையில் தேனைத் தடவினாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“மொத வாட்டி தெரியாம பண்ணேன் பொன்னி. இந்த வாட்டி தெரிஞ்சே பண்ணேன்.”

“தெரிஞ்சி பண்ணத நான்தான பண்ணச் சொன்னேன். அதுக்கு எனக்குக் கோவம் இல்ல.” அவள் கையைத் தடவுவதை நிறுத்தவில்லை. “தெரியாம பண்ண பாரு, அதுக்குத்தான்யா. முப்பத்திரண்டு வருசம் ஒரே வூட்டுல இருந்தோம். நான் அந்தாண்ட போய் இன்னா பண்றேன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ கேட்டதே இல்ல.”

அவள் மூடியைத் திரும்ப வைத்து, சுற்றிலும் சாணி மெழுகினாள்.